அமானிதப் பிள்ளை

ஹைஃபா, இஸ்ரேல்
2022 ஜனவரி 9

என் மாகிரட் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தையல் மெஷின் எண்ணெய் மணமும் அதோடு சேர்ந்து வந்தது. இடது காதில் சீழ் நின்றுவிட்டதா? நான் சுகம். குளிருக்கு முழங்கால்தான் என்னோடு கோபமாக இருக்கிறது. உங்களோடு விட்டுவந்த என் பிள்ளை தினுஷாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்கலஸ் மாமா வீட்டுப் போனில் கதைக்கிறேன். உங்களோடும் அப்படிக் கதைக்க ஏலாமல் இருப்பதுதான் கவலை. தொண்ணூறாம் ஆண்டு விழுந்த ஷெல் உங்கள் காதைக் கெடுத்திராவிட்டால் எனக்கு இந்த முத்திரைச் செலவு ஏன்?

உங்களுக்கு ஒரு புதினம் வைத்திருக்கிறேன். நான் பராமரிக்கிற றிவ்கா அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன்தானே, எண்பத்தாறு வயது யூத மனுசி. போலந்தில் பிறந்தவ. ஹிட்லரின் ஆட்கள் யூதரைத் தேடித் தேடிக் கொன்ற காலத்தில் சின்னப் பிள்ளையாகத் தப்பினவ. தாய், தகப்பன், அண்ணன்மார் ஒருவரும் மிஞ்சவில்லை. இப்போது மறதி வருத்தம். காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. ஆனால் சின்ன வயதில் நடந்தது ஒன்றும் அழியவில்லை.

போன கிழமை மருந்துக் கடையிலிருந்து வந்தவர் பெல் அடித்தார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, போலந்துப் பாஷையில் கடகடவென்று ஏதோ சொல்கிறா. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் மரியா என்றும் யேசு என்றும் காதில் விழுந்தது. மூச்சு எடுக்கிற இடமும் எங்கட இடம்தான். அருள்நிறைந்த மரியே, அக்கா! யூத வீட்டுக்குள்ளே! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப் போச்சு. அதற்குப் பிறகு பெல் அடிக்கிற ஒவ்வொரு தரமும் இதுதான் நடக்கிறது.

மகன் ஓரேன் வெள்ளிக்கிழமைகளில் வருவார். அவர் திறப்பு வைத்திருக்கிறபடியால் பெல் அடிப்பதில்லை. அவரிடம் கேட்க எனக்குப் பயம். நீங்கள் மறைக்கல்வி படிப்பிக்கிற ஆள், சொல்லுங்கோ, இது என்ன?

முத்தங்களுடன்,
நிரோஷினி


பாலையூற்று, திருகோணமலை
2022 பெப்ரவரி 20

அன்புத் தங்கச்சி நிரோவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாராக. காதில் சீழ் நின்றுவிட்டது. கேட்காதது கேட்காததுதான், அதுவும் ஒரு வசதி. பக்கத்து வீட்டுச் சண்டை எனக்கு ஊமைப்படம். கரண்ட் எந்த நேரமும் போகிறது, மெஷினைக் காலால் மிதித்துத் தைக்கிறேன். பால்மா கண்ணில் காணக் கிடையாது. தினுஷா வெறும் தேத்தண்ணிக்குப் பழகிவிட்டாள். வாய் மட்டும் உன்னைப் போலவே ஓயாது.

உன் கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்து வாசித்தேன். சிரிக்காதே. இதில் விளங்காமல் என்ன இருக்கிறது? மணிச் சத்தம் கேட்டால் அருள்நிறைந்த மரியே சொல்கிறது யாருடைய பழக்கம்? காலை, மத்தியானம், பின்னேரம் என்று கோயில் மணி அடித்தவுடன் அம்மா எங்களைச் செய்கிற வேலையை விட்டு முழங்காலில் வைத்தது மறந்துபோச்சோ? அடுப்பில் கறி கருகினாலும் எழும்ப விடமாட்டா. அந்தப் பிள்ளையையும் யாரோ அப்படித்தான் பழக்கியிருக்கினம். வீட்டு பெல்லைக் கோயில் மணி என்று நினைக்கிறா, பாவம். எத்தனை வருசமாக அந்த விசுவாசம் உள்ளே கிடக்கிறது பார்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லு. அவவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவையோ, இல்லையோ?

உனக்காகச் செபிக்கும்,
அக்கா


ஹைஃபா
2022 ஏப்ரல் 3

அன்பு அக்கா,

நீங்களும் தினுஷாவும் சுகமாக இருக்க வேணும். அங்கே காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கியூவில் நிற்கிறீர்களாம் என்று கேட்டு எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. என் முழங்கால் சமாதானமாகிவிட்டது.

கேட்டேன். நல்ல நினைவாக இருந்த ஒரு பின்னேரம், பல்கனியில் வைத்து ஹீப்ருவில் சொன்னா. நான் எனக்கு விளங்கினதை எழுதுகிறேன்.

ஆறு வயதில் தாய் அவவைக் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோய், சிஸ்டர் அனியெலா என்ற கன்னியாஸ்திரியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாவாம். திரும்பிப் பார்க்காமல் போனாவாம். மடத்தில் கிறிஸ்டினா என்று பேர் மாற்றினார்கள். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துச் செபம் எல்லாம் பாடமாக்கினார்கள். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவவே ஆசைப்பட்டுக் கேட்டாவாம், மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு நற்கருணை எடுக்கிறார்களே என்று. அதற்கு சிஸ்டர், "உன்ர அம்மா வரட்டும், அவவைக் கேக்காமல் நான் செய்ய ஏலாது" என்று சொன்னாவாம். அம்மா வரவேயில்லை.

யுத்தம் முடிந்து பத்து வயதில் தகப்பனின் தங்கச்சி தேடி வந்தாவாம். மிஞ்சின ஒரே உறவு அந்த மாமிதான். இவவுக்கு அவவைத் தெரியாது, போக மாட்டேன் என்று கோயிலில் சனம் இருக்கிற மரவாங்கின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாவாம். ஒரு கை வாங்கில், மற்றக் கை மாமியின் பிடியில். சொல்லும்போது கிழவி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தா.

அக்கா, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று வந்து வந்து போகிறது. நானும் எதையோ அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பச்சை நிற அலுமாரியின் கால். மற்றக் கையை யாரோ இழுக்கினம். எங்கட வீட்டில் பச்சை அலுமாரி இருந்ததா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
நிரோ


பாலையூற்று
2022 மே 15

அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தரின் கிருபையால் இருக்கிறோம். காஸ் சிலிண்டருக்கு விடியப் போய் நின்று வெறும் சிலிண்டரோடு திரும்பினேன். குசினியில் விறகு அடுப்பு மூட்டிப் புகையில் கண் எரிகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். தினுஷாவுக்கு உயரம் வந்து சட்டைகள் எல்லாம் கட்டையாய்ப் போச்சு, மடிப்பை அவிழ்த்து விட்டிருக்கிறேன்.

உன் கடிதம் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளை தானாக ஞானஸ்நானம் கேட்டிருக்கிறது. தாய் வரட்டும் என்று பொறுக்க வைத்தவை. தாய் வரவில்லை. அந்தப் பிள்ளை இன்றைக்கும் மணி அடிக்க அடிக்கக் கையைக் கூப்பிக்கொண்டு அதற்காகத்தான் காத்திருக்கிறது. அவவின் கட்டிலடிக்கு ஆண்டவர் ஏன் திருகோணமலையிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பிள்ளையை அனுப்பினவர் என்று யோசித்துப் பார்.

சாகிற நேரத்தில் குருவானவர் தேவையில்லை, யாரும் கொடுக்கலாம். வகுப்பில் எத்தனை வருசம் இதைப் படிப்பித்திருக்கிறேன். பச்சைத் தண்ணீர் காணும். நெற்றியில் ஊற்றிக்கொண்டு, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று பேரைச் சொல்லிச் சொல்ல வேணும். கிறிஸ்டினா என்றே சொல்லு. தண்ணீர் தோலில் ஓட வேணும், சும்மா ஈரக்கையால் தடவினால் சரிவராது. கடைசி நேரம் வந்தால் தயங்காதே. ஒரு ஆத்துமம் உன் கையில் இருக்கிறது.

அக்கா


ஹைஃபா
2022 ஜூன் 26

அன்பு அக்கா,

உங்கள் கண் எரிச்சல் மாறினதா? விறகு ஈரமாக இருந்தால் கொஞ்சம் சிரட்டை போட்டு மூட்டுங்கோ. நான் சுகம், அம்மாதான் சுகமில்லை. இருதயம் களைத்துவிட்டதாம், இந்த வருசம் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். ஓரேன் குசினியில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

நீங்கள் சொன்னதைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் மனம் ஒரு பக்கம் இடிக்கிறது. மகன் நல்ல மனுசன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன? அம்மா இப்போது என் கழுத்திலுள்ள மாதா பதக்கத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறா. அது ஆசையா, வேறு ஏதுமா என்று எனக்கு விளங்கவில்லை.

அலுமாரியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களாக்கும். இப்போது இன்னும் கொஞ்சம் வருகிறது. ஒரு மனுசி இடியப்பத்துக்குச் சீனியும் தேங்காய்ப் பாலும் விட்டுப் பிசைந்து எனக்குத் தீத்துகிறா. "அம்ரா, வாயத் துற" என்கிறா. அம்மாவின் குரல் இல்லை. அது ஆர், அக்கா? ஏன் என்னை அம்ரா என்று கூப்பிடுகிறா?

தினுஷாவுக்கு முத்தம். உங்களுக்கும்.
நிரோ


பாலையூற்று
2022 ஆகஸ்ட் 7

நிரோவுக்கு,

இரண்டு பேரும் இருக்கிறோம். எனக்குக் காய்ச்சல், அதனால் நீட்டி எழுத ஏலாது.

மகனிடம் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்பார், அதோடு போச்சு.

எங்களிட்டை அலுமாரி இருந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மூதூரிலிருந்து வெளிக்கிட்டபோது எல்லாரும் சேர்ந்துதான் காட்டு வழியால் நடந்தோம், சேர்ந்துதான் முகாமில் இருந்தோம். முகாமில் என்ன அலுமாரி? அம்ரா என்கிற பேரை எங்கேயாவது கேட்டிருப்பாய். கிழவியின் கதைகளைக் கேட்டு உனக்கும் மனம் குழம்புகிறது. இரவில் செபமாலையில் ஒரு பத்து மணியாவது உருட்டிச் சொல்லிவிட்டுப் படு.

அக்கா


ஹைஃபா
2022 செப்டம்பர் 18

அன்பு அக்கா,

காய்ச்சல் விட்டுவிட்டது என்று தினுஷா போனில் சொன்னாள். ஆண்டவருக்கு நன்றி. நீங்கள் எனக்கு இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினது இதுதான் முதல் தரம். நான் இனி அலுமாரியைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மா இப்போது படுக்கைதான். நேற்று நல்ல தெளிவோடு அந்த மாமியைப் பற்றிக் கதைத்தா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமி என்னை இழுத்துக்கொண்டு போனது பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். அவவுக்கு உலகத்தில மிஞ்சினது நான் ஒருத்திதான். ஆனா சிஸ்டரின்ர பேரை அந்த வீட்டில எடுக்கேலாது. எடுத்தா மாமி எழும்பி மற்ற அறைக்குப் போயிடுவா. ஒரு கடதாசி போட விட்டிருக்கலாம். நான் வளந்து எழுதேக்க அங்கயிருந்து பதில் வந்தது, சிஸ்டர் செத்து நாலு வருசமாம். ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு கேற்றடியில நிண்டவவாம்."

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உனக்கு ஆரும் அப்பிடி இருந்தா எழுது. சாகிறவைக்குப் பொறுக்க நேரமில்லை" என்றா. எனக்கு யார் இருக்கினம், அக்கா? உங்களுக்குத்தானே எழுதுகிறேன்.

நிரோ


பாலையூற்று
2022 ஒக்டோபர் 30

என் தங்கச்சி,

இதை இருந்து வாசி. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு, மிச்ச விசாரிப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம். முதலில் அவசரமானது. அந்த மனுசிக்குத் தண்ணீர் ஊற்றாதே. இதை நிக்கலஸ் வீட்டுப் போனில் தினுஷாவிடம் சொல்லியனுப்பக் கூடிய விசயம் இல்லை. கடிதம் நேரத்துக்கு வந்து சேர வேணும் என்று நேர்ந்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று மூதூருக்குப் போனேன். தினுஷாவையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனேன். றம்ஸியா உம்மாவிடம் போனேன்.

உனக்கு இடியப்பம் தீத்தினது அவதான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து காட்டு வழியால் நடந்தோம் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ நடக்கவில்லை, நிரோ. அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோன அன்று உனக்குச் சின்னமுத்து, நாலு வயது, காய்ச்சலில் கத்திக்கொண்டிருந்தாய். காட்டுக்குள் பிள்ளை கத்தினால் வந்த அத்தனை பேருக்கும் முடிவு. அம்மா உன்னைப் பக்கத்து வளவு முஸ்லிம் மனுசி றம்ஸியாவிடம் வேலிக்கு மேலால் நீட்டி, "ரெண்டு நாள் வச்சிருங்கோ" என்றா. அது எட்டு மாதமாய்ப் போச்சு. தமிழரைத் தேடி ஆயுதத்தோடு வந்து இது ஆர் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு அவ, "என்ட மகள் அம்ரா" என்று சொல்லியிருக்கிறா. பொய் பிடிபட்டிருந்தால் அவவின் வீட்டையே கொளுத்தியிருப்பாங்கள்.

முகாமில் அம்மா சாப்பிடுவதை விட்டுவிட்டா. பிள்ளை, பிள்ளை என்று அந்த ஒரு சொல்தான். அதனால்தான் நான் கடலால் லோஞ்சில் மூதூருக்குப் போய் உன்னைக் கேட்டேன். நீ அலுமாரிக் காலைப் பிடித்துக்கொண்டு என்னோடு வர மாட்டேன் என்றாய். பச்சை அலுமாரிதான். இன்னும் அங்கேதான் நிற்கிறது. முகாமுக்கு வந்தும் நீ அம்மாவைத் தள்ளிவிட்டு உம்மா, உம்மா என்று அழுதாய். அதைப் பார்த்து அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பேர் எங்கட வாயில் வரவில்லை. அம்மா செத்த பிறகும் வரவில்லை.

உம்மாவுக்கு இப்போது கண் மங்கல். மகள் பஸ்னாதான் பார்க்கிறா. தினுஷாவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூக்கு அதே மூக்குத்தான்" என்றா. கோபிப்பா என்று நினைத்துப் போனேன். தேத்தண்ணி குடிக்க வைத்தா.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அந்த எட்டு மாதத்தில் அயலட்டை எல்லாம் அவவிடம், "புள்ளைக்குக் கலிமாவச் சொல்லிக் குடு, நம்மட புள்ளையா வளரட்டும், உனக்கும் நன்மை, அதுக்கும் பாதுகாப்பு" என்று சொல்லியிருக்குது. அவ செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். சொன்னா:

"வேலியால தாய்க்காரி நீட்டின புள்ள. அது அமானிதம். ஒருத்தர் நம்மள நம்பித் தந்தத, தந்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும். அதுல நம்மட பேர எழுதக் கூடாது. பேர மாத்தினது புள்ள பொழைக்கத்தான்."

நீ படுக்கப் போகும்போது சிலுவை போடுவாயாம். உனக்குச் சொல்லத் தெரியாது, கை மட்டும் போகுமாம். ஒரு நாள் மறந்தால் அவ உன் கையைப் பிடித்து, நெற்றி, நெஞ்சு, இந்தத் தோள், அந்தத் தோள் என்று தொட்டு வைத்துவிட்டுத்தான் படுக்க வைப்பாவாம். சொல் தெரியாத மனுசி. நீ கழுத்தில் போட்டிருக்கிற மாதா பதக்கம் அம்மா தந்தது என்றுதானே சொன்னேன். அம்மா உன்னை நீட்டும்போது அது உன் கழுத்தில் இருந்தது. றம்ஸியா உம்மா அதைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, நான் வந்த அன்று என் கையில் தந்தா.

நான் இத்தனை வருசம் மறைக்கல்வி படிப்பித்தவள். உனக்கு நான் எழுதினதை அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த சிஸ்டர் செய்ததும் இதுதானே? தாயைக் கேட்காமல் ஏலாது என்றவ. நீ யாரைக் கேட்டாய், நான் யாரைக் கேட்டேன்? ஊற்றாதே, நிரோ.

வெளிக்கிடும்போது உம்மா ஒன்று மட்டும் கேட்டா. "அண்டைக்கு லோஞ்சில புள்ள அழுதிச்சா?" நான், "இல்லை, ஏறினவுடனே நித்திரையாப் போயிட்டாள்" என்றேன். "நல்லம்" என்று சொல்லிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. உனக்கு உண்மையைச் சொல்கிறேன். மூதூர்க் கரையைப் பார்த்துக்கொண்டு திருகோணமலை ஜெற்றி வரும் வரைக்கும் அழுதாய். ஆரோ ஒருவர் தோடம்பழம் தந்தார், அதைக் கடலுக்குள் எறிந்தாய்.

உன் அக்கா


ஹைஃபா
2022 நவம்பர் 6

அன்பு அக்கா,

நீங்களும் பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. றிவ்கா அம்மா வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்விட்டா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு மூச்சு மாறியது. ஓரேன் ரோட்டில், வந்துகொண்டிருக்கிறார். நானும் அவவும்தான். நீங்கள் சொன்னதுதான் தலைக்குள் நின்றது, ஒரு ஆத்துமம் உன் கையில் என்று. குசினிக்குப் போய் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்தேன். கட்டிலடியில் நின்று நெற்றியில் கொஞ்சம் ஊற்றினேன். வசனத்தைத் தொடங்க வாய் திறந்தேன்.

அம்மா கண்ணை முழித்தா. தனக்கு மேலே ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தா. உடனே, அக்கா, எழும்ப ஏலாத உடம்பு, அந்த உடம்பை நிமிர்த்தப் பார்த்தா. கையைக் கூப்பினா. அருள்நிறைந்த மரியே தொடங்கினா. அது முடிய மூச்சு விடாமல் பரலோக மந்திரம். அது முடிய விசுவாசப் பிரமாணம். நான் கோப்பையோடு நிற்கிறேன். எனக்கு விளங்கும் என்று ஹீப்ருவுக்கு மாறிச் சொன்னா: "பிழை விடேல்லை. ஒண்டும் பிழை விடேல்லை. நான் கிறிஸ்டினா. இன்னும் கேளுங்கோ, எல்லாம் தெரியும்."

அது பக்தி இல்லை, அக்கா. அது பயம். வருசம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பக்தி என்று நினைத்தது எல்லாம் பயம். அவவின் கண்ணில் நான் ஹிட்லரின் யூனிபோர்ம்காரனாய் நின்றேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் சட்டை நுனியால் நெற்றியைத் துடைத்தேன். ஒரு துளி இல்லாமல் துடைத்தேன். வசனத்தை நான் சொல்லவில்லை. கட்டிலில் ஏறி இருந்து அவவின் தலையை மடியில் வைத்து, "றிவ்கா. உங்கட பேர் றிவ்கா. ஒருத்தரும் இனிக் கேக்க மாட்டினம்" என்று சொன்னேன். திரும்பத் திரும்ப றிவ்கா, றிவ்கா என்றே சொன்னேன். கூப்பின கை எப்போது விரிந்தது என்று தெரியாது. ஓரேன் வந்தபோது விரிந்திருந்தது.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீரையும் சொன்னேன். அடிப்பார் என்றால் அடிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்தார். பிறகு சொன்னார். மடத்துக் கேற்றில் ஒரு மணி இருந்ததாம். அதை ஜெர்மன்காரர் இழுத்தால் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நிற்க வேணும். ஒவ்வொன்றாகச் செபம் சொல்லச் சொல்லுவார்களாம். தடக்குகிற பிள்ளை யூதப் பிள்ளை. ஒரு நாள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை தடக்கியதாம். அதைக் கொண்டுபோய்விட்டார்கள். "அம்மா எங்களுக்கு அந்தப் பிள்ளையின் பேரை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார்.

என்னை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். மண் போடும்போது நானும் ஒரு பிடி போட்டேன்.

நிரோ


ஹைஃபா
2022 டிசம்பர் 4

அன்பு அக்கா,

சுகமாக இருங்கோ. உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாள் முழுக்க அழுதேன், உங்கள் மேல் கோபித்தேன், பிறகு அம்மாவை நினைத்து அதுவும் போச்சு. அவவுக்கும் மிஞ்சினது நாங்கள்தானே. எனக்கு வேறு வீடு கிடைத்திருக்கிறது, லீவு சித்திரைக்குத்தான். ஆனால் அதுவரை நான் பொறுக்க மாட்டேன். இதோடு இருக்கிற கடிதத்தை மூதூருக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ. வாசிக்காமல் கொடுக்க உங்களால் ஏலாது என்று தெரியும், வாசியுங்கோ.

நிரோ

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ்னா ராத்தா இதை உங்களுக்கு வாசித்துச் சொல்லுவா என்று நம்புகிறேன். கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? நான் தூரத்தில் இருந்தாலும் சுகமாக இருக்கிறேன். கலியாணம் முடித்தேன், அவர் போய்விட்டார், தினுஷா மட்டும் இருக்கிறாள். அவளின் மூக்கை நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களாம்.

உங்கள் முகம் எனக்கு நினைவில்லை. அதற்கு மன்னிக்க வேணும். இடியப்பம் நினைவிருக்கிறது, அலுமாரி நினைவிருக்கிறது. நெற்றியையும் நெஞ்சையும் தோள்களையும் தொட்டு வைத்த கையை அக்கா எழுதின பிறகு நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருசமும் சிலுவை போடும்போது என் கை அவசரப்படாமல் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும். கோயிலில் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள், நான் பிந்துவேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். நீங்கள் தந்த பதக்கம் என் கழுத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே நான் பார்த்த ஒரு அம்மா, தன்னை ஒளித்து வளர்த்த மனுசிக்கு எழுதப் பிந்திவிட்டா. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது.

அக்கா உங்களுக்குச் சொன்னது பொய், உம்மா. உங்களுக்கு நோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறா, அவவோடு கோபிக்காதேங்கோ. அன்றைக்கு லோஞ்சில் நான் நித்திரை கொள்ளவில்லை. உங்கட கரை மறையும் வரைக்கும், மறைந்த பிறகு ஜெற்றி வரும் வரைக்கும் நான் அழுதனான்.

உங்களிடம் அம்ராவாக இருந்த
நிரோஷினி